பாட்டைப் போட்டுக்கொண்டு படிக்கலாமா, ஓட்டலாமா? – கேள்வி பதில்

கொழும்பில் 19 வருடமாகக் கேட்டல் சோதனை செய்கிறேன். ஹெட்போனை மாட்டிவிட்டு, மெல்லிய சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்கிற வேலை. முன்பு அந்தக் கதிரையில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் இருப்பார்கள். இப்போது உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். அதனால்தான் இன்று பின்னேரம் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரைத் தண்டவாளத்தில் நடப்பதே கூடாது. குறுக்கே கடக்க வேண்டி வந்தால், இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கடவுங்கள். அலைச் சத்தத்திலேயே ரயில் வருவது சரியாகக் கேட்காது.

கொட்டாஞ்சேனையிலிருந்து, உயர்தர உயிரியல் மாணவி: அக்கா, பாட்டுப் போட்டால்தான் எனக்கு மேசையில் இருக்கவே மனம் வருகிறது. அம்மா ஏசுகிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் பாதி சரி, தங்கச்சி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புத்தகம் வாசிக்கும்போது மனதுக்குள் ஒரு குரல் வாசித்துக் காட்டுவதைக் கவனித்திருப்பாய். ஒன்றை வரிசையாக மனதில் பிடித்து வைப்பதும் அந்தக் குரல்தான். காதில் விழுகிற பேச்சும் பாட்டு வரிகளும், நீ வேண்டாம் என்றாலும், அதே இடத்துக்குள் நுழைந்துவிடும். 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பின்னால் ஜெர்மன் மொழியில் ஒருவர் வாசிப்பதை ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அப்படியிருந்தும் பிழைகள் கூடின. பொருள் விளங்காத பேச்சே இப்படிக் குழப்பும் என்றால், நீ மனப்பாடமாக வைத்திருக்கிற பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பிறகு 1989இல் சலாமே, பாடெலி என்ற இருவர் இசையை வைத்தே பார்த்தார்கள். வரிகளோடு பாடுகிற இசை, வாத்திய இசையைவிட அதிகமாகக் குழப்பியது.

ஆனால் எல்லாப் படிப்பும் ஒரே மாதிரி இல்லை. இதயத்தின் படம் கீறி நிறம் தீட்டுகிறாயா, குறிப்பை வடிவாகத் திருப்பி எழுதுகிறாயா, பாட்டு இருக்கட்டும். கிரெப்ஸ் வட்டத்தைப் படிப்படியாக மனதில் ஏற்றுகிறாயா, கட்டுரை வினாவுக்குப் பந்தி வாசிக்கிறாயா, நிறுத்திவிடு. மேசைக்கு வர மனம் வராததுதான் பிரச்சினை என்றால், பிடித்த பாட்டை 10 நிமிடம் முதலில் கேள். மனம் உற்சாகமானதும் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திற.

என் சொல்லை நம்பவும் வேண்டாம். கடந்தகால வினாத்தாள் இரண்டை எடு. ஒன்றின் 50 பல்தேர்வு வினாக்களைப் பாட்டோடும், மற்றதன் 50ஐப் பாட்டில்லாமலும் செய். நாலைந்து வினாத்தாள் அப்படி மாற்றி மாற்றிச் செய்தபின் பிழைகளை எண்ணி அம்மாவிடம் காட்டு. பரீட்சை மண்டபத்தில் பாட்டு இருக்காது என்பதையும் நினைவில் வை. கடைசி இரண்டு மாதம் முழு வினாத்தாளையும் அமைதியிலேயே செய்து பழகு.

மருதானையிலிருந்து ஒரு தாய்: மகன் குர்ஆன் மனனம் செய்கிறான். பக்கத்து வீட்டு டிவி சிங்கள நாடகம்தான், அவனுக்கு அது விளங்காது. அப்படியும் தடுமாறுகிறான். சாட்டுச் சொல்கிறானோ?

சாட்டுச் சொல்லவில்லை, பிள்ளையை ஏசாதீர்கள். மேலே தங்கச்சிக்குச் சொன்ன ஜெர்மன் கதைதான் உங்கள் வீட்டிலும் நடக்கிறது. வரிசை பிசகாமல் மனனம் செய்யும் வேலையைத்தான் பேச்சுச் சத்தம் அதிகம் கெடுக்கும். விசிறியைப் போட்டுவிடுங்கள். ஒரே சீராக வருகிற அந்த இரைச்சல் பேச்சின் விளிம்புகளை மூடிவிடும். அதிகாலையில் அயல்வீட்டு டிவி இருக்காது, அந்த நேரம் இன்னும் நல்லது.

கர்ப்பிணி ஒருவர்: மொஸார்ட் இசை கேட்டால் பிள்ளை கெட்டிக்காரனாகப் பிறக்கும் என்கிறார்களே?

அந்தக் கதை 1993இல் வந்த ஓர் ஆய்வில் தொடங்கியது. 36 பல்கலைக்கழக மாணவர்கள் 10 நிமிடம் மொஸார்ட் கேட்டார்கள். உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கிற ஒரு வகைக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகப் புள்ளி எடுத்தார்கள். அந்த முன்னேற்றம் கால் மணித்தியாலத்துக்குமேல் நிற்கவில்லை. அந்த ஆய்வில் குழந்தைகள் ஒருவரும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை. உற்சாகமான இசை மனநிலையைத் தூக்கிவிட்டதுதான் காரணம் என்று 2001இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீங்கள் பிடித்ததைக் கேளுங்கள், உங்கள் குரலிலேயே தாலாட்டும் பாடுங்கள். வயிற்றில் ஹெட்போன் வைக்க வேண்டாம்.

தெஹிவளையிலிருந்து, வயலின் படிக்கும் மாணவன்: சொல் இல்லாத இசை என்றால் பிரச்சினை இல்லைதானே? வீணை, நாதஸ்வரம் போடலாமா?

பாட்டைவிட நல்லது. ஆனால் தம்பி, நீ வயலின் படிக்கிறவன். தெரிந்த கீர்த்தனையை வீணையில் கேட்டாலும் உன் மனம் சாகித்தியத்தைத் தானே பாடும். காதுக்குச் சொல் வராவிட்டாலும் மண்டைக்குள் சொல் ஓடும். உனக்குத் தெரியாத இசையாகப் பார்த்துப் போடு.

வெள்ளவத்தையிலிருந்து, ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை: இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். கர்நாடக சங்கீதம் உட்கார்ந்து கேட்பதற்கு. பின்னால் ஓடவிட்டுக் கணக்குச் செய்வதற்கு அல்ல.

ரீச்சர், உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. நல்ல கச்சேரியைப் பாதிக் காதால் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு முழுக் காதால் கேட்கிற பழக்கம் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது.

கொழும்பு 13இலிருந்து ஒருவர்: கோயிலில் நாதஸ்வரம் பின்னணிதானே? கல்யாண வீட்டில் மேளம் வாசிக்கும்போது எல்லோரும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதற்கு ரீச்சர் உடனேயே மறுமொழி அனுப்பியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்: "மல்லாரி வாசித்தால் சுவாமி புறப்படுகிறது என்று வீதியில் நிற்கிறவனுக்குத் தெரியும். கெட்டிமேளம் கேட்டால் தாலி ஏறுகிறது என்று சமையல்கட்டில் நிற்கிறவளுக்கும் தெரியும். ஆட்களைக் கூப்பிடுகிற இசையை எப்படிப் பின்னணி என்று சொல்லலாம்?"

நான் ரீச்சர் பக்கம். அவர் சொன்னதிலேயே தம்பியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாது. சொல்தான் ஒரே தடை என்றால் மல்லாரி போட்டுக்கொண்டு படிக்கலாம். செய்து பாருங்கள், முடியாது. நடை மாறும், தவில் எழும்பும், ஒவ்வொரு மாற்றமும் கவனத்தைப் பிடித்து இழுக்கும். மாறிக்கொண்டே இருக்கிற சத்தம்தான் நினைவைக் கலைக்கிறது, மாறாத சத்தம் அவ்வளவாகக் கலைப்பதில்லை என்று ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். மழைச் சத்தத்தில் நன்றாகப் படிக்க முடிவதும் அதனால்தான்.

தெஹிவளை மாணவன் மறுபடி: அப்போ சுருதிப் பெட்டி?

இதை நான் யோசிக்கவே இல்லை, தம்பி. நல்ல கேள்வி. ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கிற பெட்டி அது: சொல் இல்லை, தாளம் இல்லை, மாற்றம் இல்லை. குறைந்த சத்தத்தில் வைத்துப் பார்.

ஆசிரியை: சுருதி என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. காதும் சுத்தமாகும்.

பெயர் தராத ஒருவர்: போனில் எத்தனை வீதம் சத்தம் வைக்கலாம்?

வீதத்தை வைத்துச் சொல்லமுடியாது. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு இயர்போனும் வேறு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபெல், கிழமைக்கு 40 மணித்தியாலம். பிள்ளைகளுக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணித்தியாலம், 86 என்றால் 10, 89 என்றால் 5. ஒரு கைத்தூரத்தில் நிற்பவர் சாதாரணமாகக் கதைப்பது கேட்கவில்லை என்றால் சத்தம் கூடிவிட்டது.

உண்மையான ஆபத்து வீட்டில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியில் போகும்போது இஞ்சின், ஹோன், பஸ்காரர் போட்ட பாட்டு எல்லாவற்றையும் மீறிக் கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டுவீர்கள். இறங்கியபின் குறைக்க மறந்துவிடுவீர்கள். காதை வடிவாக மூடுகிற இயர்போன் என்றால் கூட்டத் தேவையில்லை. ஆனால் பஸ்ஸால் இறங்கியதும் கழற்றிவிடுங்கள். தெருவிலும் கடவையிலும் தண்டவாளத்திலும் காது திறந்திருக்க வேண்டும். ஒரு காதுக்குள் சத்தத்தை உணர்கிற மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000தான் இருக்கின்றன. செத்தது மறுபடி முளைக்காது.

கல்கிசை: எந்த பிராண்ட் ஹெட்செட் வாங்கலாம்?

பிராண்ட் சொல்லமாட்டேன். சத்தத்துக்கு எல்லை வைக்கிற வசதி உங்கள் போனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யாழ்ப்பாணம் இரவு பஸ் ஓட்டுநர்: நித்திரை வந்தால் பாட்டைக் கூட்டி, யன்னலைத் திறந்துவிடுவேன். 20 வருடமாக அப்படித்தான். போதாதா?

போதாது, அண்ணா. இதை மட்டும் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் நித்திரைத் தூக்கத்தோடு இருந்தவர்களைப் பாவனை வண்டியில், அதாவது வீதியில் ஓட்டுவது போலவே இருக்கிற சிமியுலேட்டரில், ஓட்டவைத்து, இதே இரண்டையும் சோதித்து 1998இல் எழுதினார்கள். குளிர்காற்றால் பெரிய பயன் இல்லை. வானொலி கொஞ்சம் உதவியது, அதுவும் முதல் அரை மணித்தியாலம் அளவுக்கு. அதற்குள் நிறுத்துவதற்கு ஓர் இடம் தேடலாம், அவ்வளவுதான். பாட்டு உங்களை விழித்திருப்பதாக நினைக்கவைக்கும், கண் சொருகுவதை நிறுத்தாது.

அவர்கள் கண்ட பலனுள்ள வழி இதுதான்: நல்ல கோப்பி குடித்துவிட்டு 15 நிமிடம் படுப்பது. கோப்பி வேலை செய்ய அரை மணித்தியாலம் ஆகும், அதனால் குடித்துவிட்டுப் படுக்கவேண்டும். விடியற்காலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் உடம்பு தானாகவே தளரும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திச் சனம் கும்பிட்டுக் கச்சான் வாங்குகிற நேரம் உங்களுக்கும் இருக்கிறது, அதில் கால் மணித்தியாலம் கண்ணை மூடுங்கள். முறிகண்டி வருமுன்பே தூக்கம் வந்தால் அதற்கு முன்பே நிறுத்துங்கள். முதலாளி ஏசினால், இரண்டாவது ஓட்டுநரைக் கேளுங்கள். உங்கள் பின்னால் 50 பேர் நம்பித் தூங்குகிறார்கள்.

ஓட்டோ ஓட்டும் இளைஞர், பொரளை: பாட்டுக்கும் வேகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. பாவனை ஓட்டத்தில் வேகமான தாளம் போட்டபோது வேகம் கூடியது, சிவப்பு விளக்கை மீறுவதும் கூடியது என்று 2001இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பின்னால் ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தால் அது பயணியின் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குறையுங்கள், தம்பி.

பம்பலப்பிட்டி: எத்தனை வீதம் சத்தம்?

மேலே எழுதியிருக்கிறேன்.

ஒரு தந்தை: மகனுக்குக் கவனக்குறைபாடு என்று ஆசிரியர் சொல்கிறார். இசை உதவுமா?

பிள்ளையைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. பிள்ளை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

புறக்கோட்டையில் தையல் கடை: ஆறு மெசின், காலையிலிருந்து வானொலி. பிழையா?

இல்லை. பழகிய கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் இசை நன்றாக உதவும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 ஜூனில், பிபிசி தொழிற்சாலைகளுக்கென்றே நாளுக்கு இரண்டு தடவை, அரை அரை மணித்தியாலம் இசை ஒலிபரப்பத் தொடங்கியது. நாள் முழுக்க அல்ல, கை சோர்கிற நேரம் பார்த்து. கைதட்ட வைக்கிற ஒரு பாட்டை, தொழிலாளர்கள் கருவிகளால் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று ஒதுக்கியும் வைத்தார்கள். நீங்களும் இடைவெளி விட்டுப் போடுங்கள். துணி வெட்டுகிறவர் அளவெடுக்கும்போது நிறுத்துங்கள், எண்களும் மனதுக்குள் சொல்லாகத்தான் ஓடும். மெசின் சத்தத்தை மீறக் கூட்டவேண்டாம்.

கொள்ளுப்பிட்டி: கடையில் பாட்டுப் போட உரிமைப் பணம் கட்டவேண்டுமா?

அது சட்டத்தரணியிடம் கேட்கவேண்டியது.

40 ஹெர்ட்ஸ், 432 ஹெர்ட்ஸ் பற்றி ஐந்து பேர்: கேட்டால் நினைவாற்றல் கூடுமா?

ஐந்து பேருக்கும் ஒரே பதில். அந்தக் காணொளிகள் சொல்கிற அளவுக்கு ஆதாரம் இல்லை. இதமாக இருந்தால் குறைந்த சத்தத்தில் கேளுங்கள், காசு கட்டாதீர்கள்.

மூத்தவர் ஒருவர், வெள்ளவத்தை: இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டே படித்துத்தான் நாங்கள் பாஸ் பண்ணினோம்.

ஐயா, அந்த வானொலி கூடத்தில் இருந்தது, காதுக்குள் இல்லை. நிகழ்ச்சி முடிந்தால் யாராவது மூடுவார்கள். இன்றைய பிள்ளைக்கு முடிவதே இல்லை, காதுக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு வித்தியாசமும் பெரியவை.

இன்னும் மூன்று பேர்: எத்தனை வீதம்...

சத்தத்தைப் பற்றிய கேள்விகளை இனி எடுக்கமாட்டேன். மேலே இருக்கிறது, ஆறுதலாக வாசியுங்கள்.

கடைசிக் கேள்வி, 20 வயது: நேற்றிரவு இசை நிகழ்ச்சியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போதும் இடது காதில் 'ஙொய்' என்று இரைகிறது. அடைத்தது போலவும் இருக்கிறது. இயர்போனில் பாட்டுப் போட்டால் இரைச்சல் தெரியவில்லை, அப்படியே விடலாமா?

விடாதே. இன்று இரவு காதில் எதையும் போடாதே, எண்ணெயும் விடாதே. ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் அது அவசரம், மருந்து தொடங்க நாள் பிந்தக்கூடாது. நாளைக் காலை நேரத்தோடேயே தேசிய வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போ. நேற்றிரவிலிருந்து என்று சொல், இடது காது மட்டும் என்று சொல்.