கார்ட்டூன் வரைகிறவர்கள் கேட்ட சட்டக் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காமிக்ஸ், கார்ட்டூன், நகைச்சுவை பற்றியவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்தத் தீர்ப்பு எந்த நாட்டில் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிரபலமான காமிக்ஸ் பாத்திரத்தை வைத்து அரசியல் கிண்டல் வரையலாமா? கீழே 'பகடி' என்று போட்டால் போதுமா?

போதாது. கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைவிட, உங்கள் கிண்டல் யார் மேல் விழுகிறது என்பதைத்தான் அமெரிக்க நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1994-இல் ஒரு பாடல் வழக்கில் இதைத் தெளிவாக்கியது: மூலப் படைப்பையே கேலி செய்வதற்காக அதிலிருந்து கொஞ்சம் எடுத்தால் உங்கள் வாதம் வலுவாக நிற்கும், ஆனால் வேறு எதையோ கேலி செய்ய அந்தப் படைப்பின் புகழை இரவல் வாங்கினால், ஏன் இதையே எடுத்தீர்கள் என்பதற்குத் தனியாகக் காரணம் சொல்லியாக வேண்டும். 1997-இல் ஒரு புத்தகம் இதில்தான் மாட்டிக்கொண்டது. அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்த ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கை, டாக்டர் சூஸ் என்ற அமெரிக்கக் குழந்தை எழுத்தாளரின் புத்தக நடையில், எதுகை மோனையோடு எழுதி, அவர் புத்தகத்தில் வரும் பிரபலமான பூனையின் கோடு போட்ட உயரத் தொப்பியை சிம்ப்சன் தலையில் மாட்டியிருந்தார்கள். கேலி சிம்ப்சன் வழக்கைப் பற்றியதே தவிர சூஸைப் பற்றியது இல்லை என்று சொல்லி, புத்தகத்துக்கு விதித்த தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

ஐரோப்பாவில் கதை வேறு. பெல்ஜியத்தில் ஒரு பிரபல காமிக்ஸ் அட்டைப்படத்தை மாற்றி, காசை வாரி இறைக்கிற பாத்திரத்தின் இடத்தில் கென்ட் நகர மேயரை வரைந்து, காசு பொறுக்குகிறவர்களைப் புர்கா அணிந்தவர்களாகவும் கறுப்பு நிறத்தவர்களாகவும் மாற்றி, ஒரு அரசியல்வாதி காலண்டராக அச்சிட்டுக் கொடுத்தார். பகடி மூலப் படைப்பைத்தான் தாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மூலத்தை நினைவுபடுத்தி, அதிலிருந்து பளிச்சென்று வேறுபட்டு, நகைச்சுவையோ கேலியோ இருந்தால் போதும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் சொன்னது. ஆனால் இனப் பாகுபாடு காட்டும் செய்தியோடு தன் படைப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்று உரிமையாளர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்புதான் பிடிக்கும். கலைஞனுக்கும் இடம் கொடுக்கிறது, கேலியால் அடிபடுகிறவர்களையும் மறக்கவில்லை.

அப்புறம், எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மிக்கி மவுஸை அச்சு அசலாக வரைந்து அடல்ட் காமிக்ஸில் நடமாட விட்ட ஓவியர்கள் 1978-இல் அமெரிக்காவில் தோற்றார்கள். பார்த்தவுடன் அடையாளம் தெரிய எவ்வளவு தேவையோ அதைவிட அதிகமாக எடுத்துவிட்டார்கள் என்பதுதான் தீர்ப்பு. அதனால் உங்கள் கோட்டில், உங்கள் பாணியில் வரையுங்கள்.

மிக்கி மவுஸ் இப்போது எல்லோருக்கும் பொது என்கிறார்களே?

1928-இல் வந்த கறுப்பு வெள்ளைக் குறும்படத்து மிக்கி, 2024 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் மட்டும். வெள்ளைக் கையுறையோடு 1929-இல் வந்த மிக்கி, 2025 ஜனவரி 1 முதல். பிறகு வந்த வடிவங்கள் ஒவ்வொன்றாகத்தான் பொதுவாகின்றன. வர்த்தகச் சின்ன உரிமை தனியாக இருக்கிறது, அதற்கு இப்படி முடிவுத் தேதி கிடையாது. உங்கள் நாட்டில் பதிப்புரிமைக் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்க்காமல் டி-ஷர்ட் அடிக்காதீர்கள்.

நான் போட்ட ஜோக்கை ஒரு பெரிய ஆள் அப்படியே மேடையில் சொல்லிவிட்டார். வழக்குப் போடலாமா?

போடலாம், ஜெயிப்பது கஷ்டம். ஜோக்கின் கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, நீங்கள் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 2015-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடி, தனக்குப் பரிசாகக் கிடைத்த டிரக்கை ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவருக்கே தரப்போவதாகச் சொன்னார். உடனே 'அப்படியானால் அது எதிரணிப் பயிற்சியாளர் பீட் கரோலுக்குத்தான் போக வேண்டும்' என்று ஒருவர் இணையத்தில் எழுதினார், கோனன் ஓ'பிரையன் என்பவரின் டிவி நகைச்சுவை நிகழ்ச்சியிலும் கிட்டத்தட்ட அதே ஜோக் வந்தது. ஆட்டத்தைப் பார்த்த யாருக்கும் தோன்றக்கூடிய ஜோக்தான் அது. இப்படிப்பட்ட ஜோக்குகளுக்கு மெல்லிய பாதுகாப்புதான் உண்டு, ஏறக்குறைய அச்சாக ஒத்திருந்தால் மட்டுமே திருட்டு என்று 2017-இல் நீதிபதி சொன்னார். கடைசியில் 2019-இல் சமரசமாக முடிந்தது. எழுதிய தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த நகைச்சுவையாளரிடம் முதலில் நேராகக் கேளுங்கள்.

உயிரோடு இருக்கும் பிரபலத்தைப் போல ஒரு வில்லனை வரைந்தால்?

இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகளை, இரண்டும் 2003-இல் வந்தவை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜானி, எட்கர் வின்டர் என்ற இசைக்கலைஞர் சகோதரர்களைப் பாதி புழு, பாதி மனிதனாக ஒரு காமிக்ஸில் 'ஆட்டம்' (Autumn, இலையுதிர்காலம்) சகோதரர்கள் என்ற பெயரில் வரைந்திருந்தார்கள். வெறும் உருவ நகல் இல்லை, கற்பனை சேர்ந்து வேறொன்றாக மாறிவிட்டது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரைந்தவர்களைக் காப்பாற்றியது. மிசௌரியில், ஹாக்கி வீரர் டோனி ட்விஸ்ட்டின் பெயரை ஒரு மாஃபியா பாத்திரத்துக்கு வைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அந்தப் பெயர் விற்பனைக்காகப் பயன்பட்டது என்றது நீதிமன்றம். மறுவிசாரணையில் ஜூரி 1.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

என் கருத்து: முகத்தை மிகைப்படுத்துங்கள், உடம்பைப் புழுவாக்குங்கள், உண்மைப் பெயரை மட்டும் சும்மா ஒட்டாதீர்கள். பதவியில் இருப்பவரின் பொதுச் செயலை விமர்சிக்கும் கேலிச்சித்திரம் இதில் சேராது. அங்கே உண்மைப் பெயரோடு வரைவதுதான் கார்ட்டூனிஸ்டின் வேலையே. ஆனால் இந்தியா போன்ற சில நாடுகளில் அவதூறு குற்றவியல் வழக்காகவும் வரும், அதை மறக்காதீர்கள்.

எக்ஸ்-மென் மனிதர்களா?

சிறப்புச் சக்தி கொண்ட இந்தக் காமிக்ஸ் பாத்திரங்கள், அமெரிக்கச் சுங்கவரிக்கு மனிதர்கள் இல்லை. மனிதனைக் குறிக்கும் பொம்மைக்கு 12 சதவீதம், மற்ற விளையாட்டுச் சாமானுக்கு 6.8 சதவீதம் வரி இருந்ததால், தயாரிப்பு நிறுவனமே 'இவர்கள் மனிதர்கள் இல்லை' என்று வாதாடி 2003-இல் ஜெயித்தது. கதை முழுக்க அவர்களும் மனிதர்கள்தான் என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர்களுக்கு அது வலித்தது, எனக்கும்தான்.

ஒரு நிறுவனம் என் காமிக்ஸ் பாத்திரத்தைக் கேட்கிறது. ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

தயவுசெய்து இப்போது போடாதீர்கள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-இல் சூப்பர்மேனின் முழு உரிமையை 130 டாலருக்குக் கொடுத்தார்கள். 1975-இல், அவர்கள் வறுமையில் இருப்பது பொதுவெளிக்கு வந்த பிறகுதான், ஆளுக்கு வருடம் 20,000 டாலர் ஓய்வூதியமும் பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. இதற்கு நேர் எதிராக, கேரளத்தில் கார்ட்டூனிஸ்ட் டாம்ஸ், போபனும் மோளியும் தான் வேலைக்குச் சேரும் முன்பே உருவாக்கிய பாத்திரங்கள் என்பதால், பத்திரிகையை விட்டு வெளியே வந்த பிறகும் அவர்களை வரையும் உரிமையை உயர் நீதிமன்றத்தில் பெற்றார். பாத்திரத்தை எப்போது முதலில் வரைந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் தேடி எடுங்கள். பிறகு 'எல்லா' என்ற இடத்தில் அச்சு, திரைப்படம், பொம்மை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், கால வரம்பு கேளுங்கள். மறுத்தால் எதற்காக மறுக்கிறார்கள் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

நான் வழக்கறிஞர். சட்ட விஷயங்களைக் காமிக்ஸாக வரைந்தால் மதிப்புக் குறையுமா?

குறையாது. 2012-இல் நியூயார்க்கில், மின்புத்தக விலை வழக்கில், 5 பக்கம்தான் தரலாம் என்று நீதிபதி சொன்னதால் ஒரு வழக்கறிஞர் தன் மனுவையே 5 பக்கக் காமிக்ஸாகத் தாக்கல் செய்தார். தென்னாப்பிரிக்காவில் பழம் பறிக்கும் தொழிலாளர்களுக்கு வேலை ஒப்பந்தமே படக்கதையாக வந்தது, தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. தாராளமாக வரையுங்கள். உங்கள் கட்சிக்காரரை மட்டும், பெயரை மாற்றியோ மீசையை எடுத்தோ கூட, வரைய வேண்டாம். அவர் சொன்னது ரகசியம், அவரைத் தெரிந்தவர்கள் ஒரே கட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.