ஏஎல்எஸ் ஆதரவுக் குழுவில் சேர்ந்தால் உதவியா, அச்சம்தான் கூடுமா?

உங்கள் கணவருக்கு ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதைந்து, அசைவு, பேச்சு, விழுங்குதல், மூச்சு ஆகியவை படிப்படியாகத் தளரும் நோய்) என்று உறுதியாகி ஆறு மாதங்கள் ஆகின்றன என்றும், நோய் முற்றியவர்களைக் குழுவில் பார்த்தால் அவர் மனம் உடைந்துவிடுவாரோ என்று தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். என் தந்தையை நான்கு ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் நீங்கள் மட்டும் செல்லுங்கள். தாம் வருவதா, எப்போது வருவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அப்பா ஓராண்டு வர மறுத்தார், நான் வற்புறுத்தவில்லை.

நான் போகக் காரணமாக இருந்தது ஒரு சிரிப்பு. உறவினர் ஒருவரின் துக்க வீட்டில் அப்பா அடக்க முடியாமல் சிரித்துவிட, வந்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நானும் அவரைக் கடிந்துகொண்டேன். குழுவில் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, எதிரே அமர்ந்திருந்த ஒரு தாய் தம் மகனுக்கும் அப்படித்தான் என்றார். மனத்தில் உள்ள உணர்ச்சிக்குத் தொடர்பே இல்லாமல் சிரிப்போ அழுகையோ பீறிட்டு வருவது இந்நோயில் பலருக்கு நேர்வது என்பதும், அதைத் தணிக்க மருந்து உண்டு என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன. வீடு திரும்பியதும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பேச்சு நின்ற பிறகு கிடைத்த உதவி இன்னும் பெரிது. கண்ணால் காட்டும் எழுத்துப் பலகைகளில் நாங்கள் பார்த்தவை எல்லாம் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கானவை, நமக்கோ 247. குழுவில் ஒருவர் தம் மனைவிக்காக 12 உயிரையும் 18 மெய்யையும் மட்டும் வரிசைகளாக எழுதி வைத்திருந்தார். நாம் வரிசை வரிசையாக வாசிக்க, வேண்டிய எழுத்து வந்ததும் நோயாளி கண்ணை மூடித் திறக்க வேண்டும். முதலில் மெய், பிறகு உயிர். அப்பா 'த்', 'அ', 'ண்' என்று காட்டி முடிப்பதற்குள் நான் தண்ணீர் எடுக்க எழுந்துவிடுவேன். 'சளி', 'முதுகு', 'கொசு' ஆகிய சொற்களை மேல் வரிசையில் முழுதாகவே எழுதி வைத்தோம்.

வயிற்றில் உணவுக்குழாய் பொருத்துவதை மூச்சு மிகவும் தளர்வதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது. மருத்துவர் இதைச் சொன்னபோது, வாயால் சாப்பிட முடிகிறதே என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். குழாய் பொருத்திய பிறகும், மருத்துவர் அனுமதித்த அளவில், ருசிக்காக ஒரு கரண்டி பாயசம் சாப்பிடுகிற ஒருவரை நேரில் பார்த்த பின்னரே அப்பா சம்மதித்தார். அவர் குழுவுக்கு வந்த முதல் நாள் அது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்டெம் செல் சிகிச்சையால் குணமாகும் என்று யாரேனும் லட்சங்களைக் கேட்டால் நம்ப வேண்டாம். இந்நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இன்றுவரை இல்லை.

குழுவைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடமே கேளுங்கள். மும்பையில் உள்ள ஆஷா ஏக் ஹோப் அறக்கட்டளை இந்நோய்க்கென்றே இயங்குகிறது. எந்தக் குழுவானாலும், பார்த்துக்கொள்பவர்கள் தனியாகக் கூடும் நேரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும், சில நாள் எரிந்து விழுந்துவிடுகிறீர்கள் என்பதையும் உங்கள் கணவர் முன்னால் உங்களால் சொல்ல முடியாது.