மினுக்கத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்: யூபோனியம் கேள்வி-பதில்

இந்த வாரம், பேண்டு செட்டில் ஊதும் பெரிய பித்தளைக் குழலான யூபோனியம் பற்றிய கடிதங்கள்தான் அதிகம். டிசம்பரில் கேரல், அப்புறம் தை முகூர்த்தம், பிப்ரவரியில் பெரம்பூர் லூர்து மாதா திருவிழா. சீசன் முடிந்ததும் வடசென்னை பேண்டு செட்டுகளின் கருவிகள் ஒவ்வொன்றாகப் படுக்கின்றன போலிருக்கிறது.

மகன் சர்ச் பேண்டில் யூபோனியம் கற்கிறான். நல்ல கம்பெனி என்று ஆன்லைனில் மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் துண்டு) வாங்கினேன். முனை மட்டும்தான் நுழைகிறது. பட்டறையில் கொடுத்து ராவி விடலாமா?
– வியாசர்பாடி வாசகர்

ராவ வேண்டாம். பூச்சு போய்விடும், வட்டமும் கெடும், அப்புறம் திருப்பியும் அனுப்ப முடியாது. மவுத்பீஸில் குறையில்லை, அளவுதான் வேறு. குழலுக்குள் போகும் தண்டை ஷாங்க் என்பார்கள். யூபோனியத்தில் அது மூன்று அளவில் வரும். சிறியது சாதாரண டெனர் டிராம்போனுக்கும், பெரியது பேஸ் டிராம்போனுக்கும் பொருந்தும். நடு அளவு பழைய பெஸ்ஸன் கம்பெனிக் கருவிகள் பலவற்றில் இருக்கும். ஒரே கம்பெனிக்குள்ளேயே மாறும்: யமஹா 321-க்குச் சிறியது, 642-க்குப் பெரியது. டெனிஸ் விக் மவுத்பீஸ் என்றால் கடைசி எழுத்தைப் பாருங்கள். எல் பெரியது, எஸ் சிறியது, எம் நடு. சரியானது ஏறக்குறைய ஓர் அங்குலம் உள்ளே போய் ஆடாமல் நிற்கும்.

நானும் இதைக் கேட்காமல் 4ஏஎல் ஒன்று வாங்கியவன்தான். அது கடைசியில் ஒரு பேஸ் டிராம்போன்காரருக்குப் பாதி விலையில் போனது.

12சி மவுத்பீஸ் வைத்து வாசிக்கிறேன். 5ஜி போட்டால் சத்தம் பெரிதாகுமா? நம்பர் குறைந்தால் மவுத்பீஸ் சிறிதாகிவிடாதா?
– பெரம்பூர் வாசகர்

பாக் கம்பெனிக் கணக்கில் நம்பர் குறையக் குறைய வாய் அகலும். யமஹாவில் நேர்மாறு, 48-ஐவிட 51 அகலம். 12சி-யிலிருந்து நேராக 5ஜி-க்குத் தாவினால் உதடு சீக்கிரம் களைக்கும், மேல்ஸ்தாயி கொஞ்ச நாள் பிடிபடாது. நடுவில் பாக்கின் ஆறரை ஏஎல் இருக்கிறது (இந்த எல் ஷாங்க் அளவு அல்ல). முதலில் யாரிடமாவது கடன் வாங்கி ஒரு மாதம் ஊதிப் பாருங்கள். தொனி கொஞ்சம் தடிக்கும். சத்தத்துக்கு மூச்சுப் பயிற்சிதான், அதைக் கடையில் விற்பதில்லை.

இரண்டாவது வால்வு அழுத்தினால் மேலே வரமாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், மறுநாள் இன்னும் மோசம். பிராஸோ பாலீஷ் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள்.
– புளியந்தோப்பு வாசகர்

மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறைகிற எண்ணெயை, வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் விட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம், அது தடிப்பு. வால்வு ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். வாசிக்கிற நாளெல்லாம் சில சொட்டு விட வேண்டும். இழுத்து நீட்டும் குழாயான ஸ்லைடுக்கான கிரீஸ் வேறு, அது வால்வுக்குள் போகக் கூடாது.

பிராஸோவை அலமாரியிலேயே வையுங்கள். அதில் அரைக்கும் தூள் இருக்கிறது. பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அதைத் தேய்த்து அகலமாக்கினால் காற்று கசியும், எந்த எண்ணெயாலும் அடைக்க முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: பிஸ்டன்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து மென்மையான துணியால் துடையுங்கள். கொதிநீர் ஆகாது, மேல்பூச்சான லேக்கர் உரிந்துவிடும். கம்பளி வளையமான ஃபெல்ட் நனையக் கூடாது. உறைக்குள்ளும் துணி விட்டுத் துடைத்து, காய்ந்ததும் ஆயில் விடுங்கள். பிஸ்டனில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். அந்தந்த உறையில் போட்டு, உள்ளே இருக்கும் காடியில் 'டக்' என்று உட்காரும்வரை மெல்லத் திருப்புங்கள். அப்புறமும் சிக்கினால் உறையில் ஒடுக்கு விழுந்திருக்கலாம். அது பட்டறை வேலை, உங்கள் வேலை இல்லை.

மவுத்பீஸ் இறுகிவிட்டது. கட்டிங் பிளேயர் போடலாமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

கூடாது. மவுத்பீஸ் புல்லர் என்றே ஒரு கருவி உண்டு, பட்டறையில் ஐந்து நிமிட வேலை.

கல்யாண பேண்டில் வாசித்துப் பிழைக்கிறேன். 'புது பீஸ், இம்போர்ட்டட்' என்று ஒரு கடையில் நான்கு வால்வு யூபோனியம் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி மினுங்கியது. பத்தாம் நாளே கீழ்ஸ்தாயியில் வெறும் காற்றுதான் வருகிறது. பழசைப் பாலீஷ் போட்டது என்கிறார் பட்டறைக்காரர். கடையில் கேட்டால் பில்லின் அடியைக் காட்டுகிறார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.
– வண்ணாரப்பேட்டை வாசகர்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஏமாற்றியவர்கள் அவர்கள்.

இந்த மினுக்கம் என் பழைய கோபம். பஃபிங் சக்கரத்தில் தேய்க்கத் தேய்க்கப் பித்தளையும் சேர்ந்துதான் கரைகிறது. ஒடுக்கு எடுத்து, தேய்த்து, மேலே லேக்கர் அடித்தால் எந்தக் கிழமும் மாப்பிள்ளை ஆகிவிடும். வாங்குபவர்களும் குழலில் முகம் பார்த்துத் தலை சீவிவிட்டுப் பணம் கொடுக்கிறார்கள். பொறித்த எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, பிஸ்டனின் பூச்சு கோடுகோடாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, பிறகு வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று பிடிக்கிறது. வராவிட்டால் கும்பிடு போட்டு வெளியே வாருங்கள். பேண்டு கருவிகள் செய்யும் மீரட் ஜாலி கோட்டியிலிருந்து வரும் கருவிகளை நான் குறை சொல்லவில்லை. மீரட் சரக்கை மீரட் சரக்கு என்று சொல்லி விற்கட்டும், பழசைப் பழசு என்று சொல்லட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். புதுப்பித்த பழசைப் புதிது என்று விற்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லின் அடியில் அச்சடித்த வரி சட்டத்தை மாற்றாது. 'தொழிலுக்கு வாங்கியவர், நுகர்வோர் இல்லை' என்று வாதாடுவார்கள், பயப்படாதீர்கள். சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரை நுகர்வோர் என்றே சட்டம் ஏற்கிறது.

பழசுதான் என்பதைப் பட்டறைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள், பிஸ்டன்களைப் படம் எடுங்கள், கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முடிவு என்ன ஆனாலும் எனக்கு எழுதுங்கள்.

மூன்று வால்வு போதுமா, நான்கு வேண்டுமா?
– ராயபுரம் வாசகர்

ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது சுருதி ஏறி நிற்கும். நான்காவது அதைச் சரிக்கட்டும். கேரலும் சினிமாப் பாட்டும் என்றால் மூன்று போதும், மிச்சக் காசுக்கு நல்ல மவுத்பீஸ் வாங்குங்கள்.

பாக்கு போட்டுக்கொண்டே வாசிப்பேன். வால்வு கெடும் என்று மாஸ்டர் திட்டுகிறார். உண்மையா?
– அயனாவரம் வாசகர்

மாஸ்டர் நல்லவர், திட்டுவதோடு விட்டார். நானாக இருந்தால் கருவியைப் பிடுங்கியிருப்பேன்.