கேஸை நிற்பாட்டினேனா என்ற சந்தேகத்துக்கு ஞாபகக் குளிசை மருந்தல்ல

கேள்வி: எனக்கு 47 வயது. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். சவோய் தியேட்டருக்குப் பக்கத்தில் பஸ் ஏறியது தெரியும், கோட்டையில் இறங்கியது தெரியும். இடையில் பம்பலப்பிட்டி, காலிமுகத்திடல் எதுவுமே ஞாபகத்தில் இருக்காது. கேஸை நிற்பாட்டினேனா, கதவைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் தொடங்கிவிட்டதா? தெரிந்தவர் ஒருவர் ஞாபகசக்திக் கப்சியூல் தந்திருக்கிறார். எம்ஆர்ஐ ஸ்கேனும் குறைந்த விலைக்கு எடுத்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா டொக்டர்?

பதில்: சகோதரி, "எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கேஸை நிற்பாட்டியது நீங்கள்தான். கதவைப் பூட்டியதும் நீங்கள்தான். அந்த நேரத்தில் மனம் வேறெங்கோ இருந்ததால் அந்தச் செயல் ஞாபகத்தில் பதியவில்லை. கவனம் வைத்துச் செய்ததும்கூட ஞாபகத்தில் தங்காமல் போவதுதான் மறதி நோய். உங்களுக்கு நடப்பது கவனிக்காததால் பதியாமல் போவது. இரண்டும் வேறு.

பழகிய வேலைகளை மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி தானாகவே நடத்திக்கொள்ளும். நடந்த சம்பவங்களைப் பதிந்து வைப்பது இன்னொரு பகுதி. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் அவரால் புதிதாக எதையுமே ஞாபகத்தில் வைக்க முடியவில்லை. ஆனாலும் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முதல் நாள் அந்தப் பயிற்சியைச் செய்ததே அவருக்குத் தெரியாது, கை மட்டும் கற்றுக்கொண்டது. இதற்கு மேல் நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். பஸ் பயணமும் கேஸ் அடுப்பும் உங்கள் கைகாலுக்கு அத்துபடி, அவ்வளவுதான். 2010இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2250 பேரிடம் கைபேசி வழியாகக் கேட்டபோது, விழித்திருக்கும் நேரத்தில் 46.9 வீதம் மனம் செய்யும் வேலையில் இல்லை என்று வந்தது. கிட்டத்தட்ட பாதி நேரம்!

நீங்கள் உடனே விட வேண்டியது திரும்பிப் போய்ப் பார்ப்பதை. நெதர்லாந்தில் 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், கணினித் திரையில் வரும் கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். அப்படிப் பார்த்தவர்களுக்கு ஞாபகத்தின் மேல் இருந்த நம்பிக்கை குறைந்துபோனது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடும். ஆகவே ஒரே ஒரு தடவை, மனதை அங்கே வைத்துச் சரிபாருங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடும்போது விரலால் காட்டி, வாய்விட்டு "கேஸ் நிற்பாட்டியாச்சு" என்று சொல்லுங்கள். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சமிக்ஞை விளக்கைக் கையால் சுட்டி, சத்தமாகச் சொல்லித்தான் ரயிலை எடுக்கிறார்கள். கதவுக்கும் அதேதான். சொல்லிவிட்டால் திரும்பக்கூடாது. முதல் வாரம் பஸ்ஸில் இருப்புக் கொள்ளாது, பரவாயில்லை, இருங்கள். இதையும் மீறி நாள் முழுக்கச் சரிபார்ப்பிலேயே போகிறது என்றால் அது பதற்ற நோயாக இருக்கலாம். அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது.

பஸ்ஸில் மனம் அலைந்தால் அலையட்டும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ரயில் பாதையைக் கடக்கும்போது மட்டும் வேண்டாம். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். பழகிய பாதை என்ற நினைப்பில் அங்கே உயிரை விட்டவர்கள் உண்டு.

அடுத்தது அந்தக் கப்சியூல். தந்தவர் உங்கள் பயத்தை விற்கிறார். இப்படிப்பட்ட குளிசைகளில் அதிகம் விற்கப்படுவது கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அதையும் மற்றவர்களுக்கு வெறும் குளிசையையும் சுமார் ஆறு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: மறதி நோயை அது தடுக்கவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அதனால் இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. வல்லாரை என்று எழுதியிருந்தால், சந்தையில் ஒரு கட்டு வாங்கிச் சம்பல் போடுங்கள், சோற்றுக்கு நல்லது. போத்தலுக்குள் அடைத்த வல்லாரைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

எம்ஆர்ஐ விஷயத்தில் இன்னும் கடுமையாகச் சொல்கிறேன். ஸ்கேனுக்கு ஆள் பிடித்துத் தருபவர் வைத்தியர் அல்ல, உங்களை அனுப்பினால் அவருக்குப் பங்கு கிடைக்கலாம். வயது ஏற ஏற ஆரோக்கியமானவர்களின் மூளையிலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அது அறிக்கையில் ஒரு வரியாக வரும். அந்த வரியை வைத்து அடுத்த ஸ்கேன், அடுத்த குளிசை. குடும்பங்கள் நகையை அடகு வைத்து இந்தச் சுற்றில் மாட்டியிருப்பதைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

செலவு செய்வதென்றால் இரத்தத்தில் தைரொயிட்டும் விட்டமின் பி12உம் பாருங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். தடிமனுக்கு எடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற தூக்கம் தரும் மருந்துகளைத் தொடர்ந்து விழுங்குகிறீர்களா, இரவில் ஒழுங்காக நித்திரை வருகிறதா என்றும் யோசியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் வேண்டாம். நீங்கள் சிந்தனையில் இருக்கும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவீர்கள், சற்றுத் தடுமாறினாலும் பதில் சொல்வீர்கள். சிலருக்கு அப்படி இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஒரே பார்வையாய் வெறிப்பார்கள், தோளைத் தொட்டாலும் பதில் வராது. வாய் எதையோ மெல்லுவது போல அசையும், கை சேலைத் தலைப்பையோ சட்டைப் பொத்தானையோ பிசையும். அப்புறம் சிறிது நேரம் குழப்பமாக இருப்பார்கள், நடந்தது தெரியாது. இது கவனம் சிதறுவது அல்ல, ஒருவகை வலிப்பு. கீழே விழுந்து வெட்டினால்தான் வலிப்பு என்று நம் சனம் நினைப்பதால், இப்படிப்பட்டவர்களை நூல் கட்டவும் மந்திரிக்கவும் கூட்டிப் போய் வருடங்களைத் தொலைக்கிறார்கள். பார்ப்பவர்தான் இதற்குச் சாட்சி. ஆகவே வீட்டாரிடம் கேளுங்கள். அப்படி நடந்திருந்தால், அடுத்த தடவை கைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி பரிசோதனை சாதாரணமாக வந்தாலும் வலிப்பு இல்லை என்று முடிவாகாது. அந்த வீடியோ வைத்தியருக்கு மிகவும் உதவும். வைத்தியரிடம் காட்டும்வரை தனியாக நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கவோ, கடலில் இறங்கவோ வேண்டாம், வாகனம் ஓட்டவே வேண்டாம்.

இதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள நம் கிளினிக்குகளில் நேரம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். காலையில் இருந்து வரிசையில் நின்றவருக்குச் சில நிமிடங்கள். காசு கட்டிச் செனலிங் செய்து இரவு வரை கதிரையில் காத்திருந்தாலும் அதே சில நிமிடங்கள். தமிழ் மட்டும் பேசும் அம்மாமாரிடம் சிங்களத்தில் ஞாபகப் பரிசோதனைக் கேள்விகளைக் கேட்டு, பதில் வராவிட்டால் புள்ளியைக் குறைப்பதும் நடக்கிறது. அதைச் சோதனை என்று ஏற்க முடியாது. உங்களுக்கு அப்படி நடந்தால் தமிழில் திரும்பச் செய்யுங்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் நித்திரை, வீட்டார் என்ன சொல்கிறார்கள். தெரிந்த பாதையில் வழி தவறியதா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களா என்று கணவரையோ பிள்ளைகளையோ எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள், கப்சியூல் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்கேன் வேண்டுமா என்பதை அவரோ அவர் அனுப்பும் நரம்பியல் நிபுணரோ எழுதித் தரட்டும். அதுவரை அந்தத் தெரிந்தவருக்கு முற்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.