முயல் போலத் தாவும் அல்சேஷன் குட்டி: இடுப்பு மூட்டை எப்போது, எப்படிச் சோதிப்பது?

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் தோட்ட லயத்தில் வசிக்கிறோம். எங்கள் எட்டு மாத ஆண் அல்சேஷன் காலையில் எழும்பச் சிரமப்படுகிறான். ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறான். குளிரால் வந்த வாதம் என்று சொல்லி, பனடோலும் கல்சியம் பவுடரும் கொடுக்கச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே அவசியமா? பின்னாளில் இவனை இனச்சேர்க்கைக்கு விடலாமா?

பதில்: மலைநாட்டுக் குளிர் ஏற்கனவே இருக்கும் மூட்டு வலியைக் கூட்டலாமே தவிர, எட்டு மாதக் குட்டிக்கு அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை. நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள், இடுப்பெலும்பின் குழி ஆழமின்றி வளர்ந்து, தொடையெலும்பின் தலை அதற்குள் இறுகப் பொருந்தாமல் தளர்ந்து அசையும் பரம்பரைக் குறைபாட்டையே முதலில் நினைக்க வைக்கின்றன. அல்சேஷன், லாப்ரடோர், ரொட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இதை அதிகம் காண்கிறோம்.

ஆயினும் வேறு இரண்டை விலக்க வேண்டும். வளரும் அல்சேஷன்களுக்கு நீள எலும்புகளின் உள்ளே ஏற்படும் அழற்சியில் நொண்டல் காலுக்குக் கால் மாறும். மூட்டை அல்ல, எலும்பின் நடுப்பகுதியை அழுத்தும்போதே குட்டி கத்தும். உண்ணிக் காய்ச்சலும் மூட்டுகளை வீங்கச் செய்யக்கூடும். ஆகவே குட்டியின் உடலில் உண்ணிகள் இருந்தாலோ, காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்திருந்தாலோ, எக்ஸ்ரேக்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

மருத்துவர் முதலில் குட்டியை நடக்கவிட்டுப் பார்ப்பார். இரு தொடைகளின் தசைகளையும் ஒப்பிட்டுத் தடவி, காலைப் பின்னோக்கி நீட்டும்போது வலிக்கிறதா என்று கவனிப்பார். அதன் பின் மயக்க மருந்து கொடுத்து, முழங்காலை இடுப்பை நோக்கி அழுத்தி, காலை மெல்ல வெளிப்புறம் விரிப்பார். குழியிலிருந்து நழுவிய எலும்புத் தலை மீண்டும் உள்ளே விழும் அதிர்வு கையில் தெரிந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். மனிதக் குழந்தைகளுக்காக இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஓர்த்தோலானி விவரித்த இந்தச் சோதனை இளங்குட்டிகளிலேயே நன்கு பயன்படும்; குழியின் விளிம்பு தேய்ந்துவிட்ட வளர்ந்த நாயில் அதிர்வு தெரியாமல் போகலாம்.

எக்ஸ்ரே அவசியம்தான், ஆனால் அதை எடுக்கும் விதம் மிக முக்கியம். குட்டியை மயக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் இணையாக நீட்டி, இடுப்பு சரியாமல் எடுக்க வேண்டும். விழித்திருக்கும் நாயை இருவர் அமுக்கிப் பிடித்து எடுத்த சரிந்த படங்களில், ஒரு பக்கக் குழியில் உண்மையில் இல்லாத குறை தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட படத்தை வைத்து முடிவு செய்யாமல், மீண்டும் எடுத்துத் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

கால்களை நீட்டி எடுக்கும் படத்தில் மூட்டுறை முறுக்கேறுவதால், உண்மையான தளர்ச்சி மறைந்துவிடவும் கூடும். இதற்காகவே மூட்டை மெல்ல விலக்கி அளக்கும் பென்ஹிப் முறை உருவானது; அதை 16 வார வயதிலிருந்தே செய்யலாம். நீட்டி எடுத்த படங்களைத் தரப்படுத்தும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்போ 24 மாதம் நிறைந்த பின்னரே இறுதித் தரத்தை வழங்குகிறது. எனவே இப்போது எடுக்கும் படம் இவனது வலிக்குக் காரணம் சொல்லலாம். ஆனால் அது சுத்தமாக இருப்பதாலேயே இனச்சேர்க்கைக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருத முடியாது. பல மரபணுக்கள் சேர்ந்து கடத்தும் குறை இது என்பதால், இவனது பெற்றோரும் உடன்பிறந்த குட்டிகளும் எப்படி நடக்கின்றன என்றும் விசாரியுங்கள். குறை உறுதியானால், தயவுசெய்து இவனை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள்.

கல்சியம் பவுடரை இன்றே நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டியின் குடல் மிகையான கல்சியத்தைத் தடுக்க இயலாமல் உறிஞ்சுவதால் எலும்பு வளர்ச்சியே கோணலாகலாம். பனடோலின் அளவு மீறினால் ஈரல் கெடும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும். உடல் மெலிந்திருப்பதே நல்ல காப்பு: 48 லாப்ரடோர்களை வாழ்நாள் முழுவதும் கண்காணித்த ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்டவற்றுக்கு இடுப்பு மூட்டுத் தேய்வு குறைவாகவும் பிந்தியும் வந்தது.

உங்கள் ஊர் மிருக வைத்தியரிடம் எக்ஸ்ரே வசதி இல்லையெனில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள். போகுமுன், அவன் லயத்துப் படிகளில் ஏறி இறங்குவதையும் காலையில் எழும்புவதையும் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். வைத்தியசாலை மேசையில் பயத்தில் நிற்கும் நாய் பெரும்பாலும் தன் நொண்டலை மறைத்துவிடும்.