அழுவது அவிசுவாசமா?

கேள்வி: கணவர் இறந்து ஓராண்டாகிறது, கடனும் கழுத்தை நெரிக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. அழுவது அவிசுவாசம் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். என் விசுவாசம் குறைந்துவிட்டதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை, சகோதரி. இறந்துபோன தம் நண்பர் லாசருவின் கல்லறைக்குச் செல்லும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். தம்மைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டியபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தலைமாட்டில் இருந்த, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, எழுந்து சாப்பிடச் சொன்னான். அவர் உண்டு மறுபடியும் உறங்கிய பின், இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தான். தேவனுடைய மலையான ஓரேபுக்கான நெடும்பயணம் அதன் பிறகே தொடங்குகிறது. (நம் பிரசங்கங்களில் ஓரேபில் கர்த்தர் எலியாவிடம் பேசிய மெல்லிய சத்தம் பேசப்படும் அளவுக்கு இந்த அடை பேசப்படுவதில்லை.) துணைக்கு, அவருக்குப் பின் தீர்க்கதரிசியாகப்போகும் எலிசாவையும் கர்த்தர் ஓரேபில் காட்டுகிறார். ஆகவே, நேரத்துக்கு உண்டு உறங்குவதையும், கடன் கணக்கை நம்பகமான ஒருவரிடம் காட்டி யோசனை கேட்பதையும் விசுவாசக் குறைவாக எண்ணாதீர்கள்; உறக்கம் அறவே போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஜெபிக்கச் சொற்கள் வராத நாள்களில், 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனங்கள்தான்.