ரிச்சர்டின் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தை நீங்கள் ஒரு கட்டுரையில் புகழ்ந்திருந்ததால் வாங்கிப் படித்தேன். முதல் அங்கத்துக்கு மேல் நகர முடியவில்லை. என் தங்கைக்கு ஸ்கோலியோசிஸ், முதுகெலும்பு வளைவு. பன்னிரண்டு வயதில் தொடங்கியது. இரண்டு வருஷம் பெல்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். இந்த நாடகத்திலோ எடுத்ததற்கெல்லாம் கூனன், தேரை, சிலந்தி. உடம்பு கோணல் என்றால் மனசும் கோணல் என்பதுதானே இதன் சேதி? 2012இல் மூன்றாம் ரிச்சர்ட் என்ற நிஜ இங்கிலாந்து ராஜாவின் எலும்புக்கூடே கிடைத்து, அவருக்குச் சூம்பிய கை என்பது பொய் என்றும் ஆகிவிட்டது. ஜெயித்தவர்கள் கிளப்பிய அவதூறை நாம் ஏன் இன்னும் கொண்டாட வேண்டும்? தங்கை இப்போது ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அடுத்த பருவத்தில் அவளுக்கு இது பாடம். அவளிடம் என்ன சொல்வது?

ர.

அன்புள்ள ர.,

கல்லூரியில் எங்களுக்கும் இது பாடமாக இருந்தது. பேராசிரியர் ஒரு தோளை ஏற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினார். வகுப்பே சிரித்தது. நானும்தான். சிரிக்க முடியாத யாராவது அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தோன்றுகிறது.

அவதூறு என்கிறீர்கள். ஆமாம், அவதூறுதான். ரிச்சர்டை 1485இல் பாஸ்வொர்த் களத்தில் வீழ்த்தி முடிசூடியவர் ஏழாம் ஹென்றி. அவருடைய பேத்தி எலிசபெத் ஆண்டபோது, 1592-93 வாக்கில் எழுதிய நாடகம் இது. அரசியின் தாத்தாவிடம் தோற்றவரை நல்லவராகக் காட்ட எந்த நாடகக்காரருக்குத் துணிச்சல் வரும்? கணக்கும் உதைக்கிறது. இதற்கு முந்தைய நாடகம் ஒன்றில், 1455இல் நடந்த செயின்ட் ஆல்பன்ஸ் போரில் ரிச்சர்ட் ஒரு பிரபுவை வெட்டிச் சாய்க்கிறான். நிஜ ரிச்சர்ட் பிறந்தது 1452 அக்டோபரில். இரண்டரை வயசுக் குழந்தை! (நாடகத்து ஆளை ‘அவன்’ என்றும் நிஜ மன்னரை ‘அவர்’ என்றும் எழுதுகிறேன். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள்.) நாடகத்தில் 1483இல் அரண்மனைக்குள் வந்து எல்லோரையும் சபிக்கிற மார்கரெட் ராணி (முன்னாள் மன்னர் ஆறாம் ஹென்றியின் மனைவி), அதற்கு முந்தைய வருஷமே பிரான்சில் இறந்துபோயிருந்தாள். லண்டன் கோபுரத்தில் காணாமல் போன சிறுவர்கள் விஷயத்தை மட்டும் இப்படித் தள்ளிவிட என்னால் முடியவில்லை. பன்னிரண்டும் ஒன்பதும் வயதான, ரிச்சர்டின் அண்ணன் மகன்கள் இருவர். சித்தப்பாவின் பொறுப்பில் இருந்தவர்கள். 1483 கோடைக்குப் பிறகு அவர்கள் யார் கண்ணிலும் படவில்லை.

சரி, உங்கள் உண்மையான கேள்வி உடம்பைப் பற்றியது. அங்கேதான் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

நாடகம் தொடங்கும்போது ரிச்சர்ட் தனியாக வந்து நம்மிடம் பேசுகிறான். அரைகுறையாகப் பிறந்தவன் நான், நொண்டிக்கொண்டு போனால் நாய்கூடக் குரைக்கிறது, என்னை எந்தப் பெண்ணும் விரும்பமாட்டாள், அதனால் வில்லனாக இருப்பது என்று தீர்மானித்துவிட்டேன் என்கிறான். இதை நாம் நம்பிவிடுகிறோம். நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். ஆனால் அடுத்த காட்சியைப் பாருங்கள். ஆறாம் ஹென்றியின் பிணம் போகிறது, கூடவே மருமகள் ஆன் அழுதுகொண்டு போகிறாள். அவள் மாமனாரையும் கொன்று, கணவனையும் கொன்றவன் இவன். பாடையை வழிமறித்து அவளிடம் காதல் பேசுகிறான். அவள் முகத்தில் துப்புகிறாள். காட்சி முடிவதற்குள் அவன் கொடுத்த மோதிரம் அவள் விரலில் இருக்கிறது. அவள் போனபிறகு நம் பக்கம் திரும்பி, இனி ஒரு கண்ணாடி வாங்க வேண்டும், இருபது நாற்பது தையற்காரர்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்று சிரிக்கிறான். அப்படியானால் முதல் காட்சியில் சொன்ன காரணம் என்ன ஆயிற்று? பொய். உடம்பு அவனுக்கு ஒரு சாக்கு. ‘என்னை எல்லோரும் ஒதுக்கினார்கள்’ என்று ஆரம்பிப்பவரிடம் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கைக்கு வருகிறேன். மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. நீங்கள் அதுவரை போகவில்லை, போயிருக்க வேண்டும். லண்டன் கோபுரத்தில் ஆலோசனைக் கூட்டம். ரிச்சர்ட் தாமதமாக, நல்ல குஷியாக வருகிறான். ஈலி பிஷப்பிடம், ‘ஹோல்பர்னில் உங்கள் தோட்டத்தில் நல்ல ஸ்ட்ராபெர்ரி பார்த்தேனே, கொஞ்சம் வரவழையுங்கள்’ என்கிறான். பிஷப் ஓடுகிறார். ரிச்சர்டும் வெளியே போகிறான். இன்று அவர் முகம் எவ்வளவு மலர்ச்சியாக இருக்கிறது என்று ஹேஸ்டிங்ஸ் பிரபு வியக்கிறார். திரும்பி வருகிறவன் வேறு ஆள். சட்டென்று கையை நீட்டி, எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள், பாருங்கள், என் கை பட்டுப்போன மரம் மாதிரி சூம்பிவிட்டது என்கிறான். ‘அப்படிச் செய்திருந்தால்...’ என்று ஹேஸ்டிங்ஸ் வாயெடுக்கிறார். ‘இருந்தாலா? இந்தத் துரோகியின் தலையை வெட்டுங்கள், அதைப் பார்க்காமல் நான் சாப்பிடமாட்டேன்.’ அவ்வளவுதான்.

இது ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் எழுதிய ரிச்சர்ட் வரலாற்றில் இருந்து வந்த காட்சி. ரிச்சர்ட் இறந்தபோது மோருக்கு ஏழு வயது. ஆனால் பையனாக இருந்தபோது மோர் வேலை பார்த்த வீடு யாருடையது தெரியுமா? அந்த ஸ்ட்ராபெர்ரி பிஷப், ஜான் மார்ட்டனுடையது. கூட்டம் நடந்தது 1483 ஜூன் 13. இங்கிலாந்தில் அது ஸ்ட்ராபெர்ரி பழுக்கிற காலம். அன்றே மார்ட்டனும் கைதானார். ரிச்சர்டை அவருக்குப் பிடித்திருக்க வழியில்லை. ஆகவே பழம் உண்மையாக இருக்கலாம், கை பொய். லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூட்டில் இரண்டு கைகளும் சரியாகவே இருந்தன. இடது தோள் உயரம் என்று மோர் எழுதினார். எலும்பு வலது தோள் என்கிறது.

ஆனால் மோரிடமே ஒரு வாக்கியம் இருக்கிறது: அந்தக் கை பிறவியிலேயே அப்படித்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மேடையிலும் அதேதான். எல்லோரும் நாள்தோறும் பார்த்த கை, இன்று காலை சூம்பியது என்கிறான். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இரண்டு காட்சி தள்ளி ஓர் எழுத்தர் தனியாக வருகிறார், 14 வரிதான் அவருக்கு. கையில் ஹேஸ்டிங்ஸ் மேல் சாட்டிய குற்றப்பத்திரிகை. இதைப் படியெடுக்க எனக்குப் பதினோரு மணி நேரம் ஆயிற்று, ஐந்து மணி நேரத்துக்கு முன்புவரை அந்த மனிதர் உயிரோடு, குற்றமே சாட்டப்படாமல் இருந்தார் என்கிறார். இந்தத் தில்லுமுல்லு தெரியாத முட்டாள் யார், தெரிகிறது என்று சொல்கிற தைரியசாலி யார் என்று கேட்டுவிட்டுப் போகிறார். இந்த நாடகத்தில் எனக்குப் பிடித்தவர் அவர்தான். பெயர்கூடக் கிடையாது.

இதனால் எல்லாம் தேரையும் சிலந்தியும் மறைந்துவிடாது. அந்த வசைகளை ஷேக்ஸ்பியர் ரசித்துத்தான் எழுதியிருக்கிறார். கூட்டம் கைதட்டும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். நானூறு வருஷமாக நடிகர்கள் கூனைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள், எங்கள் பேராசிரியர் வரைக்கும். அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை.

தங்கை தாராளமாகப் படிக்கட்டும். எலும்பு சொல்கிற கதையையும் சேர்த்துக் கொடுங்கள். நிஜ ரிச்சர்ட் கூனோடு பிறக்கவில்லை. பத்து வயதுக்குப் பிறகு வளர்கிற பருவத்தில் வந்த வளைவு அது, உங்கள் தங்கைக்கு வந்த மாதிரி. நொண்டியிருக்கவும் மாட்டார். நல்ல தையற்காரரும் அளவெடுத்துச் செய்த கவசமும் இருந்தால் வெளியே அவ்வளவாகத் தெரிந்திருக்காது என்று 2014இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே வருஷம் ஓர் ஆவணப்படத்துக்காக, கிட்டத்தட்ட அதே வளைவு உள்ள ஓர் இளைஞருக்குக் கவசம் செய்து போட்டுக் குதிரையில் ஏற்றினார்கள். அந்தக் காலத்துச் சேணத்துக்கு முதுகுப் பக்கம் உயரம். அது அவருக்குத் தோதாகத் தாங்கிக்கொடுத்தது. அவர் குதிரையில் போகிறதை அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் அந்த இரண்டாம் காட்சியைப் படித்துவிட்டு, தையற்காரர் ஜோக்குக்கு அவளுக்குச் சிரிப்பு வந்ததா இல்லையா என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.